கடல் காற்றும் படியாத கூந்தலும்

ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். "முடி பரட்டையாகப் பறக்கிறது, என்ன செய்தாலும் படிய மாட்டேன் என்கிறது." நாகப்பட்டினம், கடலூர், சென்னை என்று கடலோரத்துச் சகோதரிகள் எல்லோருக்கும் உள்ள தொல்லை இது. இந்தத் தடவை புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி விவரமாக எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் கேள்வியில் எல்லோர் கேள்வியும் அடங்கிவிட்டதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

"எனக்கு வயது 24. இடுப்பு வரை சுருட்டை முடி. எண்ணெய் நிறைய வைத்தால் முகமெல்லாம் வழிகிறது, ஆபீசில் கிண்டல் செய்கிறார்கள். வைக்காமல் போனால், ஸ்கூட்டரில் பீச் ரோடைத் தாண்டுவதற்குள் தலை தேங்காய் நார் மாதிரி ஆகிவிடுகிறது. பாரீசிலிருந்து லீவுக்கு வந்த அத்தை விலை உயர்ந்த க்ரீம் ஒன்று கொடுத்தார். அங்கே அவருக்கு அருமையாக இருக்கிறதாம். இங்கே எனக்குப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. தை மாதம் கல்யாணம். 'பேசாம பார்லருக்குப் போயி முடிய நீட்டிக்கயேன்டி' என்கிறார் அம்மா. பிசுக்கு இல்லாமல், லேசாக, முடியைப் படிய வைக்கிற பொருள் ஏதாவது உண்டா? எதைப் பார்த்து வாங்குவது?"

உண்டு சகோதரி. கடையில் இன்றைக்கு இப்படிப்பட்ட பாட்டில்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒரு பெயரைச் சொல்லி இதை வாங்குங்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் முடி ஏன் பறக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தக் கடையிலும் நீங்களே பார்த்து எடுப்பீர்கள். அதுதான் சிலாக்கியம்.

முடி ஏன் பறக்கிறது?

தலைமுடியின் மேல்பக்கம் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி. சின்னச் சின்னச் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியைப் பார்த்துப் படிந்திருக்கின்றன. ஓடு சரியாக இருந்தால் மழை உள்ளே இறங்காது. வெயில், காரமான ஷாம்பூ, உப்புத் தண்ணீர், ஈரத் தலையைத் துண்டால் அரக்கித் துவட்டுவது, இவையெல்லாம் அந்த ஓடுகளைத் தூக்கிவிடுகின்றன. அப்புறம் காற்றிலுள்ள ஈரம் தாராளமாக உள்ளே போகும், முடி ஊதும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக ஊதாது. அதனால் வளைந்து நெளிந்து பக்கத்து முடியை விட்டு விலகி நிற்கும். பரட்டை என்று நாம் சொல்வது இதைத்தான்.

முடிக்கு ஈரம் எவ்வளவு சீக்கிரம் தெரியும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த ஹொராஸ் பெனடிக்ட் டி சொசூர் என்ற விஞ்ஞானி, காற்றின் ஈரத்தை அளக்க மனிதத் தலைமுடியை வைத்தே ஒரு கருவி செய்தார். ஈரம் ஏறினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும், அதற்கேற்ப முள் நகரும். 1783இல் இதைப் பற்றி நூலும் எழுதி வெளியிட்டார். ஆகவே மழை வரப்போவது உங்கள் தலைக்கு முன்கூட்டியே தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்!

சுருட்டை முடிக்கு இன்னொரு சிரமமும் உண்டு. உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் சுலபமாக வழிந்து இறங்கிவிடும். சுருளில் அப்படி இறங்காது. அதனால் வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒரே தலையிலேயே இருக்கும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. அப்படியானால் இடுப்பு வரை தொங்கும் கூந்தலின் நுனிக்கு வயது ஐந்தாவது இருக்கும். ஐந்து வருஷத்து வெயிலையும் தண்ணீரையும் சீப்பையும் பார்த்த நுனி அது. அதற்குத்தான் பராமரிப்பு வேண்டும்.

புதுச்சேரியில் வடகிழக்குப் பருவமழை சமயத்தில் காலை நேரத்து ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். கடலோரத்து நிலத்தடி நீரில் உப்பு ஏறியும் வருகிறது. போர் தண்ணீரில் குளித்தால் ஷாம்பூ சரியாக நுரைக்காது, உப்பு முடியில் தங்கிச் சொரசொரப்பாகும். ஆக, உங்கள் முடிக்கு வேண்டியது வெளி ஈரம் உள்ளே புகாமல், செதில்களைப் படிய வைக்கிற ஒரு மெல்லிய பூச்சு. எண்ணெயை அள்ளி வைத்தால் கனம்தான் ஏறும். தூக்கிய செதில் முழுக்கப் படிந்துவிடாது.

அத்தையின் க்ரீம் ஏன் ஒட்டுகிறது?

1962இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டவர்கள், 'சொல்தா' பென்ஷன் குடும்பங்கள் என்று பிரான்சில் உறவு உள்ள வீடுகள் உங்கள் ஊரில் எத்தனையோ. லீவுக்கு வருகிறவர்கள் ஆசையாகக் கொண்டுவரும் பாட்டில்களில் குற்றம் இல்லை. அவை வேறு காற்றுக்கு ஏற்றவை. பாரீசில் குளிர் காலத்தில் ஹீட்டர் போட்ட அறையின் காற்று வறண்டிருக்கும். அங்கே கனமான கொழுப்பும், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் கிளிசரினும் கலந்த க்ரீம் முடிக்கு இதமாக இருக்கும். அதே கிளிசரின் புதுவையின் மழைக்காலத்தில், காற்றில் நிறைந்திருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்து முடிக்குக் கொடுக்கும். முடி ஊதும், கையில் ஒட்டும். அந்த க்ரீமைத் தூக்கிப் போட வேண்டாம். ஏ.சி. அறையிலேயே வேலை செய்கிற தோழி இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்களே குளிக்குமுன் நுனியில் தடவி, பத்து நிமிஷம் கழித்து அலசிவிடுங்கள்.

எதை வாங்கலாம்?

லேசாகப் படிய வைக்கும் பொருள்கள் முக்கியமாக மூன்று வகை.

சீரம்: தண்ணீர் போலத் தெளிவாக, கையில் வழவழப்பாக இருக்கும். பெரும்பாலும் சிலிகோன்தான். முடியைச் சுற்றி மெல்லிய படலமாக உட்கார்ந்து ஈரத்தைத் தடுக்கும், சிக்கு விழாது, மினுமினுப்பு வரும். இடுப்பு வரை நீண்ட, வறண்ட, சுருட்டையான முடிக்கு மழைக்காலத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அலசாமல் விடும் கண்டிஷனர்: பால் போன்ற லோஷன், அல்லது ஸ்ப்ரே. மிகவும் மெல்லிய முடி உள்ளவர்களுக்கு, சீரம் போட்டால் முடி தலையோடு ஒட்டிப்போகிறது என்பவர்களுக்கு இது நல்லது. கோடையிலும் இதமாக இருக்கும்.

ஜெல்: சுருளை அழகாகக் கட்டி நிறுத்த விரும்புகிறவர்களுக்கு. காய்ந்ததும் விறைப்பாக இருந்தால் பயப்படாதீர்கள். உள்ளங்கையால் லேசாகக் கசக்கிவிட்டால் மென்மையாகிவிடும்.

லேபிளைப் படியுங்கள்

பாட்டிலின் முன்பக்கத்தில் படம் இருக்கும். விஷயம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். அதிகமாகச் சேர்த்த பொருளிலிருந்து குறைவான பொருள் வரை வரிசையாகப் போடுவது வழக்கம். முதல் ஐந்து பெயர்களைப் பார்த்தாலே போதும்.

'கோன்' என்றோ 'சிலோக்சேன்' என்றோ முடிந்தால் அது சிலிகோன் குடும்பம். சைக்ளோபென்டாசிலோக்சேன் முடியில் பரவிய பிறகு ஆவியாகிவிடும், அதனால் லேசாக இருக்கும். டைமெத்திகோன் தங்கி நின்று காக்கும். பெயருக்கு முன்னால் 'பெக்' என்று இருந்தால் தண்ணீரிலேயே சுலபமாகப் போய்விடும். மற்றவை வாரம் ஒரு முறை ஷாம்பூ போட்டால்தான் போகும். இல்லாவிட்டால் படிந்து படிந்து முடி மங்கலாகி, தொய்ந்துவிடும்.

கிளிசரின், ப்ரோபலீன் கிளைகால் இவை முதல் ஐந்துக்குள் இருந்தால் மழைக்காலத்துக்கு வேண்டாம். பட்டியலின் கடைசியில் இருந்தால் பரவாயில்லை.

ஆல்கஹால் என்ற சொல்லைக் கண்டதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். சீட்டைல் ஆல்கஹால், சீட்டியரைல் ஆல்கஹால் என்பவை மெழுகு போன்றவை, முடிக்கு மென்மை தருபவை. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் அல்லது 'ஆல்கஹால் டினாட்' முதல் வரிசையில் இருந்தால்தான் வறண்ட முடிக்கு ஆகாது.

'ஆர்கன் எண்ணெய்' என்று பெரிய எழுத்தில் போட்ட பாட்டில்களைத் திருப்பிப் பாருங்கள். ஆர்கன் என்பது மொராக்கோ நாட்டு மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய், நல்ல எண்ணெய்தான். ஆனால் பல பாட்டில்களில் முதலில் சிலிகோன் இருக்கும், ஆர்கன் கடைசிக்கு முந்தி நிற்கும். அந்தப் பெயருக்காக இரட்டை விலை கொடுக்க வேண்டாம்.

முதலில் சாஷே, அப்புறம் பாட்டில்

சாஷே என்பது பிரெஞ்சுச் சொல், சின்னப் பை என்று அர்த்தம். ஆனால் அதில் ஷாம்பூவைப் போட்டு ஏழை எளியவர் கைக்கும் எட்ட வைத்ததில் உங்கள் பக்கத்து ஊரான கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சாஷேயில் சாமான் விற்கும் வழியைக் காட்டினார். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பூவைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் சி.கே. ரங்கநாதன் தனியாகப் பிரிந்து, 1983இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பூவை ஆரம்பித்தார். பெரிய பாட்டில் வாங்க முடியாதவர்களுக்காக வந்த அந்தச் சின்னப் பாக்கெட் இன்றைக்கு நமக்கு வேறொரு விதத்திலும் உபயோகம். சீரமும் சாஷேயில் கிடைக்கிறது. பிடிக்குமா பிடிக்காதா என்று சில ரூபாயில் தெரிந்துவிடும்.

சோதனை இப்படிச் செய்யுங்கள். முதலில் ஒரு சொட்டை முழங்கையின் உள்பக்கத்தில் தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது. ஒன்றும் ஆகாவிட்டால், தலைக்குக் குளித்த அன்று ஒரு பக்கத்து முடிக்கு மட்டும் சீரம் போட்டு இரட்டைப் பின்னல் பின்னிக்கொள்ளுங்கள். மாலையில், வண்டி விடாத நேரமாகப் பார்த்து, பீச் ரோடில் காந்தி சிலையிலிருந்து ஒரு அரை மணி நடந்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் இரண்டு பின்னலையும் பாருங்கள். எந்த விளம்பரமும் இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்லாது.

போடும் விதம்

பொருள் நல்லதாக இருந்தும் போடத் தெரியாமல் கெட்டுப்போவதுதான் அதிகம்.

குளித்ததும் துண்டால் தேய்க்காமல், பழைய பருத்தி வேட்டித் துணியால் முடியை ஒற்றி எடுங்கள். தண்ணீர் சொட்டுவது நின்று, முடி ஈரமாக இருக்கும்போதே சீரம் போட வேண்டும். காய்ந்து பரட்டையான பிறகு போட்டால், பரட்டையின் மேல் மினுமினுப்புதான் வரும்.

தோள் வரை உள்ள முடிக்கு இரண்டு சொட்டு, இடுப்பு வரைக்கும் நான்கு சொட்டு. உள்ளங்கையில் விட்டு இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு, நுனியில் ஆரம்பித்து நடு வரை தடவுங்கள். கடைசியில் கையில் மிச்சமிருப்பதை மட்டும் மேல்முடியில் லேசாக நீவிவிடுங்கள். உச்சந்தலையில் படவே கூடாது. அகலப் பல் சீப்பால் ஒரு முறை வாரிவிட்டு, காயும் வரை தொடாதீர்கள். தொட்டுத் தொட்டுப் பார்த்தால் மறுபடி பறக்கும்.

ஹெல்மெட் போடுகிறவர்கள் அதன் உள்ளே பழைய சில்க் துணியை வைத்துக்கொண்டால் உராய்வு குறையும். தலையணைக்கும் அதே துணியில் உறை தைக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. சில சீரங்களிலும் ஸ்ப்ரேக்களிலும் தீப்பற்றக்கூடிய பொருள் உண்டு. தலையில் போட்ட கையோடு அடுப்பங்கரைக்குள் போகாதீர்கள், பூஜை விளக்கின் பக்கமும் குனியாதீர்கள். தரையில் ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். வழவழவென்றிருக்கும், வீட்டில் வயதானவர்கள் வழுக்கி விழுந்துவிடக்கூடும்.

வீட்டிலேயே செய்துகொள்ள

தேங்காய் எண்ணெயை ஒதுக்கிவிட வேண்டாம், வைக்கும் நேரத்தை மாற்றினால் போதும். 2003இல் வெளியான ஓர் இந்திய ஆராய்ச்சியில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே நன்றாகக் குறைத்தது. முடியின் உள்ளே ஊடுருவும் தன்மை அதற்கு உண்டு. ஆகவே தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒரு ஸ்பூன் எண்ணெயை நுனியிலிருந்து நடு வரை தடவி ஊறவிட்டு, மிதமான ஷாம்பூவால் அலசுங்கள். முகத்தில் வழியாது, ஆபீசில் கிண்டலும் இருக்காது.

ஆளி விதை ஜெல்லும் கைகொடுக்கும். இரண்டு டேபிள் ஸ்பூன் விதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கொழகொழப்பு வரும் வரை கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். சூட்டோடு மெல்லிய துணியில் வடிகட்டிவிடுங்கள். ஆறினால் வடியாது. ஃப்ரிஜ்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஈர முடியில் கொஞ்சமாகத் தடவினால் சுருள் கலையாமல் நிற்கும்.

வீட்டில் போர் தண்ணீர் என்றால், கடைசியாக ஒரு சொம்பு மழைத் தண்ணீரோ வடிகட்டிய குடிதண்ணீரோ விட்டு அலசுங்கள். இந்த மாதங்களில் மாடியில் ஒரு பாத்திரத்தை வைத்தாலே மழைத் தண்ணீர் கிடைக்குமே!

பார்லர் விஷயம்

இனி அம்மா சொன்ன யோசனைக்கு வருவோம். நிரந்தரமாக நீட்டும் சிகிச்சை முடியின் உள் பிணைப்புகளையே உடைத்து மாற்றுகிறது. ஏற்கனவே வறண்ட முடி அதில் இன்னும் பலவீனமாகும். புதிதாக வளரும் முடியோ சுருட்டையாகத்தான் வரும். மூன்றே மாதத்தில் வேரில் சுருளும் கீழே நேருமாக இரண்டு வகை முடி தெரியும். அப்புறம் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டியதுதான்.

கெரட்டின் என்ற பெயரில் செய்யப்படும் சிகிச்சைகள் சிலவற்றில், சூடு காட்டும்போது ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வெளிவருகிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதைச் சேர்த்திருக்கிறது. "எங்களிடம் அது இல்லை" என்கிற இடங்களில் பெரும்பாலும் க்ளையாக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. அதைப் பற்றி 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு செய்தி வந்தது. 26 வயதுப் பெண் ஒருவர் 2020, 2021, 2022 என்று மூன்று தடவை பார்லரில் முடியை நீட்டிக்கொண்டார். மூன்று தடவையும் வாந்தி, காய்ச்சல், முதுகுவலி வந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. நல்லவேளையாக ஒவ்வொரு தடவையும் சரியாயிற்று. அவர் தலையில் போட்ட க்ரீமில் இந்த அமிலம் இருந்தது. அதை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டது. அதன் பின் பிரான்சின் அரசு சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனமான ஆன்செஸ், இந்த அமிலம் கலந்த நீட்டும் க்ரீம்களைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது.

எல்லோருக்கும் இப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு நாள் போட்டோவுக்காக இந்த ஆபத்து தேவையா என்று அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். இதைப் படித்துக் காட்டினாலும் சரி. சுருட்டை முடியில் ஜடை கனமாகத் தெரியும், வைத்த பூ நழுவாமல் நிற்கும். நேர் முடிக்காரர்கள் சவுரி வைத்துக்கொள்ளும் இடத்தில் உங்களுக்கு அது தேவையே படாது! அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்ணின் முடியைச் சின்ன வயதிலிருந்தே 'பரட்டை, பரட்டை' என்று கூப்பிட்டு வளர்த்தால், வளர்ந்தபிறகு அவள் எந்த பார்லர் எதைச் சொன்னாலும் தலையைக் கொடுக்கத்தான் செய்வாள்.

எது போட்டாலும் சரி, இப்போதே ஆரம்பித்து உங்களுக்குப் பிடித்ததை நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய பத்து நாளில் புதிய பொருள் எதையும் தலையில் தொடாதீர்கள்.

டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

நேற்று வரை நன்றாக இருந்த முடி திடீரென்று முரட்டுத்தனமாக வறண்டு, கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தால், கூடவே உடம்பு பருமனாவது, அசதி, மலச்சிக்கல், மாதவிலக்குக் கோளாறு என்று இருந்தால், சீரத்தில் பணத்தைப் போடாதீர்கள். தைராய்டு குறைவாக இருக்கலாம், ரத்தசோகையாகவும் இருக்கலாம். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். புதுவைக்காரர்களுக்கு கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். தலையில் செதில் செதிலாக உதிர்ந்தாலும், அரிப்போ புண்ணோ இருந்தாலும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

மற்றவர்கள் இந்த வாரமே ஒரு சாஷே வாங்கி, பாதித் தலைச் சோதனையைச் செய்து பாருங்கள். எந்தப் பின்னல் ஜெயித்தது என்று எழுதுங்கள். அடுத்த இதழில், மழைக்காலத்தில் பொடுகுத் தொல்லை பற்றிக் கேட்டிருக்கும் வாசகிகளுக்குப் பதில்.